தார்ப்பாயின் மறுமுனை

சென்னை விமான நிலையத்தில் சகாயசெல்வியின் பையைத் திறந்து பார்த்த பாதுகாப்பு அதிகாரி, புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நல்ல கல்லுப்பு. மரக்காணம் உப்பளத்தில் அவளே வாரியது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பை வந்து நின்றது. அது தனகோடியின் பை. அதற்குள்ளும் ஒரு கிலோ உப்பு.

"ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல" என்றாள் செல்வி.

"இல்லீங்க" என்றாள் தனகோடி.

ஒரே மாதிரி வெள்ளை கேன்வாஸ் ஷூ, ஒரே மாதிரி அரக்குக் கலர் ஸ்வெட்டர், ஒரே ஊர் உப்பு. இருந்தும் ஒன்றாக வரவில்லையாம். அதிகாரி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முன்னால் போய்விட்டிருந்த வினோதினி திரும்பி ஓடி வந்தாள்.

"சார், சார், ரெண்டு பேரும் எங்கூடதான். லடாக் போறோம். அங்க ஒரு உப்பு ஏரி இருக்குது, அதப் பாக்க."

"உப்பு ஏரிக்கு எதுக்கும்மா உப்பு?"

வினோதினி திரும்பிச் செல்வியைப் பார்த்தாள். செல்விக்குக் கோபம் வந்தது. ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்போது வெறுங்கையோடா போவார்கள்? பக்கத்து ஊர் பிரம்மதேசத்துக்காரர்கள் வந்தால் வேர்க்கடலை கொண்டுவருகிறார்கள், நாம் உப்பு கொண்டு போகிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது! ஆனால் அதே யோசனை தனகோடிக்கும் வந்திருக்கிறது என்பதைப் பார்த்தபோது கோபத்துக்குக் கீழே என்னவோ இளகியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பையின் ஜிப்பை வேகமாக இழுத்து மூடினாள்.

வினோதினி பெரிய முதலியார்சாவடிப் பெண். இருபத்தாறு வயது. ஆரோவிலில் ஒரு சின்ன அமைப்பில் வேலை. கடலோரத்து உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களை மலைமேல் இருக்கும் உப்பு ஏரிக்கு அழைத்துப்போய், அங்கே ஆடு மேய்த்து வாழும் ஜனங்களோடு இரண்டு நாள் தங்க வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "நீங்க அவங்களப் பாக்கணும், அவங்க உங்களப் பாக்கணும். அவ்ளோதான் அக்கா, வேற ஒண்ணுமில்ல" என்று உப்பளச் சங்கத்துக் கூட்டத்தில் வந்து சொன்னாள். நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். மாரியம்மாள் விமானம் என்றதும் காய்ச்சலில் படுத்தாள். அந்தோணியம்மாளுக்கு மருமகள் பிரசவம் குறுக்கே வந்தது. மிச்சம் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் இரண்டு வருஷமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பது வினோதினிக்குத் தெரியாது. ஊரில் மற்ற எல்லோருக்கும் தெரியும். பயணம் கெட்டுவிடும் என்று பயந்து யாரும் அவளிடம் சொல்லவில்லை. நடப்பதைப் பார்க்கலாம் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

செல்விக்கு ஒரு ரகசியம் இருந்தது. பட்டியலில் தனகோடியின் பெயரைப் பார்த்த பிறகுதான் தன் பெயரை அவள் எழுதச் சொன்னாள்.

சண்டை என்று பார்த்தால் பெரிய சண்டை இல்லை. பெரிய சண்டையாக இருந்திருந்தால் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்திருப்பார்கள். சங்கத்து அளத்தில் செல்வியின் பாத்திகளும் தனகோடியின் பாத்திகளும் அடுத்தடுத்து இருந்தன. பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்பில் குவித்து வைப்பார்கள். அதற்கு அம்பாரம் என்று பெயர். இருவருடைய அம்பாரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நீலத் தார்ப்பாய். மேகம் கறுத்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இருவரும் ஓடுவார்கள். ஒரு முனையை இவள் பிடிக்க, மறு முனையை அவள் பிடிக்க, ஒரே வீச்சில் இரண்டு அம்பாரமும் மூடிவிடும். பதினெட்டு வருஷம் இப்படி ஓடியிருக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி மாதத்தில் செல்வி "ஒடம்பு சரியில்ல, கோடி, அம்பாரத்தப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, நாத்தனாரோடு பாண்டிச்சேரிக்குப் புடவை எடுக்கப் போனாள். அன்று பார்த்துத்தானா அந்த மழை வர வேண்டும்! திரும்பி வந்து பார்த்தபோது தனகோடியின் அம்பாரம் தார்ப்பாய்க்குக் கீழே பத்திரமாக இருந்தது. செல்வியுடையது, நாற்பது நாள் உழைப்பு, வரப்பில் பால் கொட்டிய மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் செல்வி கத்தினாள்.

"ஒன்னுத மட்டும் போத்திக்கினியேடி, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?"

தனகோடி அவள் கையில் இருந்த துணிக்கடைப் பையைப் பார்த்தாள். புடவைப் பெட்டியின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "காய்ச்சல் பாண்டிக்குப் போய் பொடவ எடுத்துக்கினு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். அதோடு சரி.

தப்பு யாருடையது என்று செல்விக்கு அன்று ராத்திரியே தெரியும். தெரிந்து என்ன பயன்? வாய் இருக்கிறதே, அது கத்துவதற்குத் திறந்த வேகத்தில் மன்னிப்புக்குத் திறப்பதில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது இந்த சீசனோடு தனகோடி பாத்தியை விட்டுவிட்டு ஆரோவிலில் ஒரு விருந்தினர் விடுதிச் சமையலுக்குப் போகப் போகிறாள். பக்கத்துப் பாத்திக்கு வேறு யாரோ வருவார்கள். பக்கத்தில் இருக்கும்போதே பேச முடியாதவள் அப்புறம் எங்கே பேசப் போகிறாள்? ஏழு நாள் பயணம். இந்த ஏழு நாளைக்குள் பேசிவிட வேண்டும். இதுதான் செல்வியின் திட்டம். ஏரி, மலை, ஆடு, எல்லாம் அதற்குப் பிறகுதான்.

லே நகரத்தில் மூச்சு பழகுவதற்காக இரண்டு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும் என்றாள் வினோதினி. "அக்கா, ரெண்டே ரூலு. நெறய தண்ணி குடிக்கணும். ஓடக் கூடாது. என்ன ஆனாலும் சரி, ஓடக் கூடாது." இதை அவள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, தூங்குமுன் ஒரு தடவை சொன்னாள். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யார் ஓடப் போகிறார்கள்?

இரண்டு நாளும் ஒரே அறை. பேச்செல்லாம் வினோதினி வழியாக.

"பாப்பா, ஜன்னல மூடலாமான்னு கேளும்மா" என்பாள் செல்வி.

"அக்கா, அவங்க உங்க பக்கத்துலதானே ஒக்காந்திருக்காங்க?"

"நீ கேளு."

சாப்பாட்டு மேசையில் பருப்பில் உப்பு இல்லை. தனகோடி உப்பு டப்பாவைத் தேடினாள். அது செல்வியின் பக்கம் இருந்தது. செல்வி அதை எடுத்து, கையில் தராமல், மேசைமேல் வைத்து நகர்த்திவிட்டாள். இது கோபத்தால் இல்லை. உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது ஊர் வழக்கம். பகலெல்லாம் உப்பை மூட்டை மூட்டையாக அள்ளுகிறவர்களும் வீட்டில் ஒரு சிட்டிகை என்றால் கிண்ணத்தில் போட்டுத்தான் தருவார்கள். செல்வியும் தனகோடியும் பதினெட்டு வருஷம் இந்த வழக்கத்தை ஒரு நாளும் மீறியதில்லை. சண்டை எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிட்டது.

அன்று வினோதினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குப் போன் போட்டாள். வெளியே வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "யாராச்சும் மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஜீப்பில் கிளம்பினார்கள். மலை என்றால் மரம் இருக்கும் என்று செல்வி நினைத்திருந்தாள். இங்கே ஒரு செடிகூட இல்லை. மண் கலரில் மலை, ஊதா கலரில் மலை, நடுவே கறிவேப்பிலைப் பச்சையில்கூட ஒரு மலை. எல்லாம் வெறும் மலை, மேலே கண் கூசும் நீலத்தில் வானம். பதினேழாயிரம் அடி உயரத்தில் ஒரு கணவாயில் வண்டி நின்றது. கயிறு கயிறாகக் கலர் கலராய்க் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. "நம்ம ஊரு தேர் திருவிழா மாரி இருக்குது" என்றாள் தனகோடி, வினோதினியைப் பார்த்து. செல்வியும் அதையேதான் சொல்ல வாயெடுத்தாள். மாதா கோயில் தேர்தான் அவள் மனசில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வாயை மூடிக்கொண்டாள்.

கணவாயிலிருந்து இறங்கி, ஒரு திருப்பம் திரும்பியதும், "அதோ" என்றாள் வினோதினி.

சோ கர். வெள்ளை ஏரி என்று அர்த்தமாம். சுற்றிலும் மலை, நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர், அதன் விளிம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. காட்டுக் கழுதைகள் நான்கு அதன் ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தன. செல்வி கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெள்ளையைப் பார்ப்பதற்கு அவளுக்குக் கண்ணாடி எதற்கு? மத்தியான வெயிலில் மரக்காணம் அளத்துக்கு நடுவே நிற்கும்போது கண்ணில் விழும் அதே கூச்சம்தான். கடல் மட்டும் இல்லை.

"அட! யாருமே வாராம இவ்ளோ உப்பா?" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"கசப்பா இருக்கும். அதான்" என்றாள் தனகோடி. இதையும் அவள் ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் செல்வியின் கேள்விக்கு நேரான பதில் அது. இரண்டு வருஷத்தில் முதல் பதில். செல்விக்கு மூச்சு வாங்கியது. அது உயரத்தால் என்று வினோதினி ஆக்ஸிஜன் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

அவர்கள் தங்கப் போகும் குடும்பம் ஏரிக்கு அரை மைல் தள்ளி, கறுப்புக் கூடாரத்தில் இருந்தது. வெளியே வந்து வரவேற்ற பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த சிவந்த கன்னம், தலையில் கம்பளித் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. "ஜூலே" என்றாள். வணக்கம் என்றாலும் அதுதான், நன்றி என்றாலும் அதுதான், போய்வருகிறேன் என்றாலும் அதுதானாம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு சுலபமாக வாழ்கிறார்கள் என்று செல்விக்குப் பொறாமையாக இருந்தது.

"இவங்க பேரு பத்மா" என்றாள் வினோதினி.

"பத்மாவா?" இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். "நம்ம பேரு!"

எங்கள் ஊரில் பத்மா என்று பதினைந்து பேர் இருக்கிறார்கள் என்று செல்வி சொல்ல, வினோதினி அதை இந்தியில் சொல்ல, பத்மா தன் ஜனங்களிலும் பத்மா என்று எத்தனையோ பேர் உண்டு என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு இரண்டு உப்புப் பொட்டலங்களும் வெளியே வந்தன. பத்மா ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுச் சப்பினாள். கண் விரிந்தது. கூடாரத்துக்குள் இருந்த தன் மருமகளைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு கல் தந்தாள். தன் தாத்தா காலத்தில் இந்த ஏரி உப்பை வாரி, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, ஆடுகளின் முதுகில் ஏற்றி, மலை தாண்டிப் போய் பார்லி மாற்றிவருவார்களாம். இப்போது கடையிலிருந்து பாக்கெட் உப்பு வருகிறதாம்.

"ஆடு மேலயா? ஒரு ஆடு எவ்ளோ தூக்கும்?" என்றாள் செல்வி.

பத்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஐந்து கிலோ, பத்து கிலோ அந்த மாதிரி.

"நம்ம சங்கத்துக்கு லாரியே பத்தலன்னு கத்தறானுங்க" என்றாள் தனகோடி, பொதுவாக.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனார்கள். பத்மா முன்னால் நடந்தாள். வழியில் நின்று, ஈரமாகத் தெரியும் இடத்தில் கால் வைக்காதே என்று சைகை காட்டினாள். இதைச் சொல்ல வேண்டுமா! இரண்டு உப்பளப் பெண்களும் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, காய்ந்த படிவத்தில் மட்டும் கால் வைத்து, பத்மாவுக்குச் சரியாகப் பின்னால் நடந்தார்கள். காலைப் பார்த்தே பத்மாவுக்கு இவர்கள் யார் என்று புரிந்திருக்கும். தனகோடி குனிந்து ஒரு துளி நீரை நாக்கில் வைத்து உடனே துப்பினாள். செல்வியும் வைத்தாள், துப்பினாள். கசப்பு. உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிச்சம் நிற்கும் கசப்புத் தண்ணீரின் ருசி. அதை வெளியே வடித்துவிட்டால் பிறகு நல்ல உப்பு விளையும் என்று இருவருமே பத்மாவுக்குச் சைகையால் விளக்கப் பார்த்தார்கள். ஒருத்தி வாய்க்கால் வெட்டிக் காட்ட, இன்னொருத்தி பலகையால் வாரிக் காட்டினாள். நடுவில் ஒரே நேரத்தில் இருவரும் நின்றுவிட்டார்கள். தாங்கள் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

செல்வி பேசிவிடலாம் என்று நினைத்தாள். "கோடி" என்று ஆரம்பித்துவிட்டால் போதும். வாய் வரைக்கும் வந்தது. தனகோடி ஷூவை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை வினோதினிக்குத் தலைவலி. எல்லோருக்கும் விதி சொன்னவள் தண்ணீர் குடிக்க மறந்திருக்கிறாள். கூடாரத்துக்குள் கம்பளிகளுக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்துவிட்டாள். "அக்கா, ஒரு மணி நேரம் என்ன விட்டுடுங்க. நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கோங்க, இல்ல பேசாம இருங்க" என்று கெஞ்சினாள். தூது போக ஆள் இல்லாமல் போனது.

பத்மாவின் வீட்டு ஆண்கள் ஆடுகளோடு மலைப்பக்கம் போயிருந்தார்கள். பத்மா தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போனாள். மருமகள் உள்ளே தேநீருக்கு வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். கூடாரத்துக்கு வெளியே, முந்தின நாள் கத்தரித்த செம்மறி ரோமம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கித்தான் விரிப்பின்மேல் இரண்டு வெள்ளைக் குவியல், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. ஒரு வருஷத்து ரோமம் மொத்தமும் அதுதான் என்று நேற்று பத்மா சொல்லியிருந்தாள். நனைந்தால் கட்டி தட்டிப்போகும், விற்கவும் முடியாது, நெய்யவும் முடியாது.

செல்வி ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். தனகோடி பத்தடி தள்ளி இன்னொரு கல்மேல். நடுவில் வெயில். எதிரே வெள்ளை ஏரி. செல்வி வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் சமையல் வேலையைப் பற்றிக் கேட்டு, பிறகு மெதுவாக வைகாசிக்கு வர வேண்டும். இல்லை, நேராக வைகாசியில் ஆரம்பித்துவிடலாம். இல்லை, முதலில் சமையல்தான்.

அப்போது கழுத்தின் பின்பக்கம் காற்று மாறியது.

அதைக் கண் பார்ப்பதற்குள் முதுகு அறிந்துவிட்டது. திரும்பினாள். கிழக்கு மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு எட்டிப் பார்த்தது. அடுத்த நொடியில் அது பாதி வானத்துக்கு வந்துவிட்டது. வெள்ளை நிலம், இரண்டு குவியல், கறுத்த மேகம். செல்வியின் கால் யாரையும் கேட்கவில்லை. எழுந்து ஓடினாள்.

பத்தடி தள்ளி இன்னொரு ஜோடிக் கால்களும் ஓடின.

கூடாரத்தின் ஓரத்தில் சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தது ஒரு தார்ப்பாய். நீலம். மரக்காணத்தில் இருக்கும் அதே நீலம். உலகம் முழுக்க ஒரே கடையில் வாங்குவார்கள்போல. தனகோடி கயிற்றை அவிழ்த்தாள், செல்வி ஒரு முனையைப் பறித்துக்கொண்டு ஓடினாள், தனகோடி மறுமுனையோடு எதிர்ப்பக்கம் ஓடினாள். காற்று அடித்தது. தார்ப்பாய் எழுந்து நின்று படார் படார் என்று அறைந்தது. செல்வியின் பிடி நழுவப் பார்த்தது. எதிர்முனையில் ஒருத்தி இழுத்துப் பிடித்திருந்ததால் அது அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

"கீழ! கீழ எறக்குடி!" என்று கத்தினாள் தனகோடி.

"ஒன் பக்கம் கல்லு வெய்யி!" என்று கத்தினாள் செல்வி.

ஒரே வீச்சு. இரண்டு குவியலும் மூடின. மூலைக்கு ஒன்றாகக் கல்லை உருட்டி வைத்த அடுத்த நிமிஷம் ஆலங்கட்டி சடசடவென்று கொட்டியது. சுண்டைக்காய் அளவில் வெள்ளை வெள்ளையாக. இருவரும் தார்ப்பாயின் மேலேயே, அது பறக்காமல் இருக்கப் படுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இங்கே ஓடக் கூடாது என்பது.

நெஞ்சுக்குள் யாரோ தறி அடித்தார்கள். வாயைத் திறந்தால் காற்று உள்ளே வரவில்லை. கண்ணில் மின்மினி பறந்தது. செல்வி மல்லாக்கப் படுத்துக்கொண்டு மேலே விழும் ஆலங்கட்டியை முகத்தில் வாங்கினாள். பக்கத்தில் தனகோடி கரையில் எடுத்துப்போட்ட கெண்டை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். செத்துப்போனால் இப்படியே சேர்ந்து போய்விடலாம், அதுவும் நல்லதுதான் என்று செல்விக்குத் தோன்றியது. ஆனால் பேசாமல் சாகக் கூடாது.

அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. சமையலும் இல்லை, வைகாசியும் இல்லை. அவள் கை இன்னும் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தது. இரண்டு பேர் இரண்டு பக்கம் தொங்கியும் இதை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டதே. அன்றைக்கு, அந்த மழையில், அந்தக் காற்றில்.

"கோடி" என்றாள். மூச்சு விட்டாள். "அன்னிக்கு... ஒத்தையா... எப்படிடி... புடிச்ச?"

தனகோடி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஆலங்கட்டி நின்று, சின்னத் தூறலாகி, அதுவும் நின்றது. அவள் தலையைத் திருப்பினாள்.

"புடிக்கலடி. நாலு வாட்டி ரெண்டு மேலயும் இழுத்தேன். நாலு வாட்டியும் காத்து தூக்கி எம்மேலயே போட்டுச்சு. அஞ்சாவது வாட்டி கைய விட்டுட்டேன். அது எங்க வுழுந்துச்சோ அங்க வுழுந்துச்சு. எந்த அம்பாரம் யாருதுன்னு அந்த மழையில எனக்கு இன்னா தெரியும்? நீ வருவ வருவன்னு ரோட்டையே பாத்துக்கினு நின்னேன்."

செல்வி அழுதாள். அழுவதற்குக்கூட மூச்சு வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாதி அழுகை, பாதி இருமல்.

"எம்மேலதான் தப்பு. பொய் சொல்லிட்டுப் போனேன். வந்து உன்னையே கத்தினேன். தெரிஞ்சிதான் இருந்துச்சு, ரெண்டு வருஷமா தெரிஞ்சிதான் இருந்துச்சு."

"தெரிஞ்சி இருந்துச்சுல்ல? வந்து சொல்றதுக்கு இன்னா கொள்ள?"

"வாய் வரல."

"கத்தறதுக்கு மட்டும் எட்டு ஊருக்குக் கேக்குற மாரி வந்துச்சு." தனகோடி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் பொடவையாச்சும் நல்லா இருந்துச்சா?"

"சாயம் போயிட்டுச்சுடி, மொத தொவையல்லயே."

தனகோடி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டும். இருவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி முதுகை ஒருத்தி தட்டிக்கொண்டு, நீலத் தார்ப்பாயின்மேல் உருண்டார்கள். சத்தம் கேட்டுத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெளியே வந்த வினோதினி, இரண்டு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து ஆக்ஸிஜன் டப்பாவுக்கு ஓடப்போனாள். "ஓடாத பாப்பா, ஓடக் கூடாது!" என்று இரண்டு குரலும் சேர்ந்து கத்தின.

பத்மா தண்ணீர் கேனோடு திரும்பி வந்தபோது முதலில் தார்ப்பாயைப் பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள். ரோமம் காய்ந்தே இருந்தது. கேனை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மழை வரும் என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். வினோதினி கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

"எங்க வேலையே இதான்னு சொல்லு" என்றாள் செல்வி. "வாரறது பாதி வேல. மூடறது பாதி வேல."

கூடாரத்துக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மருமகள் வெண்ணெய்த் தேநீரைக் கிண்ணங்களில் ஊற்றினாள். அது உப்புப் போட்ட தேநீர். நேற்று முதல் மடக்கில் இருவர் முகமும் அஷ்டகோணலாகப் போயிருந்தது; இன்று குளிருக்கு அது இறங்கியது. ஆனால் மருமகள் அவசரத்தில் கடைந்திருக்கிறாள், உப்புக் குறைவு. செல்வி ஒரு மடக்கு குடித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். தனகோடியின் பக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த பொட்டலம் பிரித்து வைத்திருந்தது.

"இந்த சீசனோட போறியாமே" என்றாள் செல்வி. இப்போதுதான் சமையல் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஆமா. முட்டி வலிக்குது. நெழல்ல நின்னு வேல செய்யணும்டி இனிமே. போவத்தான் போறேன்."

செல்வி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தான் மன்னிப்புக் கேட்டதால் தனகோடியின் முட்டி சரியாகிவிடப் போகிறதா என்ன? "அப்ப தார்ப்பாய் மறுமுனைக்கு நான் எவளத் தேடறது?"

"எவளாச்சும் வருவா. பொய் சொல்லிட்டுப் பொடவ எடுக்கப் போவாம இரு, போதும்." கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கெழம லீவுதான் எனக்கு. மாதா கோயில்ல பூச முடிச்சிட்டு வீட்டுக்கு வா" என்றாள்.

சொல்லிக்கொண்டே பொட்டலத்திலிருந்து இரண்டு கல் உப்பை எடுத்து, வைப்பதற்குத் தட்டு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தாள். செல்வி உள்ளங்கையை நீட்டினாள்.

தனகோடி தயங்கினாள். "கையிலயா? சண்ட வந்துடும்டி."

"வரட்டும்" என்றாள் செல்வி. "சண்ட போடறதுக்காச்சும் பேசித்தானே ஆவணும்."